ஒரு பகல் பூ, ஓர் இரவுப் பூ: வெள்ளவத்தைச் செடிக்கூடம் ஒன்றில் நடந்த படப்பிடிப்பின் நிகழ்வு ஆய்வு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் மூன்று மாடி வீடு. மொட்டைமாடியில் 12 அடிக்கு 10 அடி அளவான செடிக்கூடம்: இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே 50 வீதப் பச்சை நிழல்வலை, கடற்காற்று வரும் மேற்குப் பக்கத்தில் பால்நிறப் பொலித்தீன் தாள். உள்ளே தொங்குசாடிகளில் ஓர்கிட் செடிகள், மூலையில் பெரிய சாடியில் இரவில் பூக்கும் கடுபுல். வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டவை ஏ3 அளவு நாட்காட்டிக்கு மூன்று படங்கள்: பிஜன் (புறா) ஓர்கிட், கடுபுல், நாகலிங்கம். மூன்றும் ஒரு நாளைத் தாண்டி நிற்காத பூக்கள்.

இந்த வேலை பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓர்கிட் கூடத்திலோ கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவிலோ நடந்திருக்க முடியாது. மாலையில் வாயில் மூடும் இடத்தில் இரவுப் பூவுக்கு வழியில்லை. விடியற்காலையின் மெல்லிய வெளிச்சமும் வாயில் திறக்கும் முன்பே போய்விடும். செடியைக் கட்டி நிறுத்தவும், மேலே துணி விரிக்கவும், சாடிகளை நகர்த்தவும் பொதுப் பூங்காவில் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கொழும்பில் அபூர்வப் பூவைப் படமெடுக்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது ஆர்வமுள்ள ஒரு வீட்டுத் தோட்டக்காரரைத்தான்.

ஒரு நாள் பூவின் படம், பூ விரிவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதே இந்த ஆய்வு முழுவதிலும் ஓடும் கருத்து. என்றைக்குப் பூக்கும், எந்தப் பக்கம் பார்க்கும், அந்நேரம் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்ற மூன்றும் தெரிந்தவருக்குக் கமராவில் செய்ய மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

மழையிலிருந்து ஒன்பதாம் நாள்

பிஜன் ஓர்கிட்டின் தாவரப் பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம். தண்டின் அடிப்பகுதி பருத்தும், மேற்பகுதி இலையில்லாமல் கம்பிபோல் மெலிந்தும் இருக்கும். அந்த மெல்லிய பகுதியின் கணுக்களில் மொட்டுகள் சிறியனவாக உருவாகி, வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். அவற்றை எழுப்புவது நீர் அல்ல, குளிர்ச்சி. கடும் இடிமழை பெய்து வெப்பநிலை சடுதியாக ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் இறங்கினால் மொட்டுகள் மறுபடி வளரத் தொடங்கி, பெரும்பாலும் ஒன்பதாம் நாள் விடியலில் விரிகின்றன. ஒரே மழையில் நனைந்த அயல் தோட்டங்களிலும் அதே நாளில் பூக்கும். மறுநாள் பார்த்தால் எல்லாம் வாடித் தொங்கும்.

கொழும்பில் இந்தச் சடுதி வீழ்ச்சிக்குரிய காலம் இடைப்பருவ மாதங்கள்: மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர். நண்பகலில் 31, 32 பாகையாக இருந்தது, பிற்பகல் இடிமழையோடு ஒரு மணித்தியாலத்துக்குள் 24, 25க்கு இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுக்கத் தூறும் மழை இந்த வேலையைச் செய்வதில்லை. அப்போது பகல் வெப்பமே குறைவாக இருப்பதால் வீழ்ச்சியும் சிறியது. தாங்கியில் கிடக்கும் வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயால் அடித்தும் பலனில்லை.

செடிக்கூடத்தில் உச்ச, இழிவு வெப்பநிலை காட்டும் வெப்பமானி ஒன்று சாடிகளின் உயரத்தில் தொங்கவிடப்பட்டிருந்தது. செவ்வாய் பிற்பகல் மழையில் அது 7 பாகை வீழ்ச்சியைக் காட்டியதால், நாட்காட்டியில் அடுத்த வாரத்து வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ ஆகவும் கூடும் என்பதால் புதனும் வெள்ளியும் காலியாக வைக்கப்பட்டன. சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஏழாம் நாளில் மொட்டு பச்சையை விட்டு வெளிறத் தொடங்கும். பூப்பதற்கு முந்திய மாலையில் வெண்மையாகி, நுனி பருத்து, அடியிலுள்ள குதிபோன்ற முனை தெளிவாகத் தெரியும். அந்த மாலை மொட்டு அப்படித் தெரியவில்லையானால் மறுநாள் அதிகாலை எழும்ப வேண்டியதில்லை.

செடியைப் படத்துக்குரிய நிலையில் நிறுத்தும் வேலை முழுவதும் அந்த மாலையிலேயே முடிந்தாக வேண்டும். மெல்லிய தண்டு மூச்சுக்காற்றிலும் ஆடும். ஈர்க்கில் ஒன்றைச் சாடியில் ஊன்றி, பூக்கணுவுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி மென்மையான பருத்தி நூலால் தளர்வாகக் கட்டினால் போதும். கணுவிலோ மொட்டுக் காம்பிலோ கட்டினால் இரவில் மொட்டு திரும்பும்போது காம்பு நெரிபடும். செடிக்குத் தண்ணீர் முந்திய நாள் காலையிலேயே ஊற்றியாயிற்று. படத்துக்காகப் பூவின் மேல் நீர் தெளிக்கும் பழக்கத்தை இந்தப் பூவில் கைவிடவேண்டும். இதழ் அவ்வளவு மெல்லியது; நனைந்த இடம் கண்ணாடித்தாள்போல் ஊடுதெரிந்து, வெண்மை கெட்டுவிடும்.

பச்சை வலைக்குக் கீழே வெள்ளைப் பூ

இந்த நிகழ்வில் மிகுதியான சிக்கலைத் தந்தது நிழல்வலை. மேலேயிருந்து வரும் வெளிச்சம் பச்சை வலையின் இழைகளில் பட்டுப் பச்சையாகிறது. கீழே சாம்பல்நிற கொன்கிரீட்டிலிருந்து எதிரொளிப்பது நடுநிலையாக இருக்கிறது. வலையின் கண்களூடாக நேரே விழும் வெயில் பொட்டுகள் மஞ்சளாக இருக்கின்றன. ஒரே இதழில் மூன்று நிற வெளிச்சம். சாம்பல் அட்டையைப் பூவின் இடத்தில் வைத்து வைட் பலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை) அமைத்தால் இதழின் மேற்பக்கம் சரியாகும். அதே அளவில் கீழ்ப்பக்கம் ஊதாச் சாயலுக்குப் போய்விடும். கணினியில் அதைத் திருத்த உட்கார்ந்தால் ஒரு படத்துக்கு அரை நாள் போகும், முழுமையாகத் திருந்தவும் மாட்டாது.

தீர்வு வெளிச்சத்தையே மாற்றுவதுதான். வலைக்குக் கீழே, பூவுக்கு இரண்டரை அடி மேலே, 2 மீற்றருக்கு 1.5 மீற்றர் மெல்லிய வெள்ளை வொயில் துணி நான்கு மூலையிலும் கட்டப்பட்டது. வெயில் பொட்டுகள் கரைந்து, மேலிருந்து வரும் வெளிச்சம் ஒரே நிறமாகிறது. பூவின் இரு பக்கமும் 60 சென்ரிமீற்றர் சதுரமான வெள்ளை ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பலகைகள் வைக்கப்பட்டன. அவை நிழலை நிரப்புவதோடு, பக்கத்துச் சாடிகளின் இலைகளிலிருந்து வரும் பச்சை எதிரொளியையும் தடுக்கின்றன. வெள்ளைப் பூவைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் எந்தப் பெரிய பச்சை இலையும் இருக்கக்கூடாது; கண்ணுக்குத் தெரியாத சாயல் அச்சில் தெரியும். புதிதாகச் செடிக்கூடம் அமைப்பவர்கள், படமெடுக்கும் ஆசையும் இருந்தால், பச்சை வலையை விட்டுக் கறுப்பு வலை போடலாம். கறுப்பு வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர நிறமேற்றாது.

வியாழன் சூரியோதயம் 6 மணியளவில். 6.15க்குத் துணிக்குக் கீழே ஒளி போதுமான அளவுக்கு வருகிறது. 7.15க்குப் பிறகு கிழக்கிலிருந்து வெயில் கிடையாகப் பாய்ந்து, துணிக்குக் கீழாலேயே பூவைத் தொடுகிறது. கடற்காற்றும் காலை ஏறஏற எழும்பும். விடியலில்தான் வெள்ளவத்தை மாடிகளில் காற்று அடங்கியிருக்கும். ஆக, நடைமுறையில் வேலைக்கு ஒரு மணித்தியாலமே கிடைக்கிறது.

100 மில்லிமீற்றர் மெக்ரோ லென்ஸ், 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கமரா, ட்ரைபொட். லென்ஸ் துளை எஃப் 8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/8 செக்கனை ஒட்டி. கமராவின் ஒளிமானியை அப்படியே நம்பினால் வெள்ளைப் பூ சாம்பலாக வரும். இதழில் புள்ளி அளவீடு எடுத்து அதற்குமேல் ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்பது ஒளி இரட்டிப்பாவது) கூட்டவேண்டும். பிறகு வெளிச்ச அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் தனித்தனியே பார்க்கவேண்டும். இந்தப் பூவின் நடு உதட்டில் உள்ள மஞ்சள் பட்டையில் சிவப்பின் அளவே முதலில் உச்சத்தைத் தாண்டி விவரமிழக்கும். மொத்த ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாது. அச்சில் பட்டை விவரமில்லாத மஞ்சள் பொட்டாக நிற்கும்.

எந்தக் கோணம் என்பதில் தயங்க இடமில்லை. பறக்கும் புறாவின் வடிவம் பக்கவாட்டில்தான் தெரிகிறது. முன்னாலிருந்து எடுத்தால் எந்த ஓர்கிட்டும் போல ஒன்று.

எத்தனை மில்லிமீற்றர் தெளிவு

பூவின் அகலம் 4 முதல் 5 சென்ரிமீற்றர். ஏ3 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் நிரப்ப 3508க்கு 4961 புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்சல் கமராவை நிமிர்த்திப் பிடித்தால் அகலத்தில் கிடைப்பது 4000. பின்னால் வெட்டி எடுக்க மிச்சமிருப்பது எட்டில் ஒரு பங்கு. ஆகவே சட்டகத்தை அந்த இடத்திலேயே சரியாக அமைக்கவேண்டியிருந்தது. சட்டகத்தின் அகலம் 60 மில்லிமீற்றர் வருமாறு, அதாவது 0.4 மடங்கு உருப்பெருக்கத்தில், கமரா நிறுத்தப்பட்டது.

அந்த நெருக்கத்தில் எஃப் 8இல் தெளிவாக வரும் ஆழம் 4 மில்லிமீற்றர் சொச்சம். பூவின் முன்பின் ஆழமோ 25 மில்லிமீற்றர். எஃப் 22க்கு மூடினாலும் 11, 12 மில்லிமீற்றர்தான் கிடைக்கும். அதற்குள் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் இதழின் நுண்ணிய நரம்புகள் மழுங்கிவிடும். எனவே ஃபோகஸ் ஸ்டாக்கிங், அதாவது ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களின் தெளிவான பகுதிகளை மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பது: 3 மில்லிமீற்றர் இடைவெளியில் முன்னிருந்து பின்னாக 9 படங்கள், இரு முனையிலும் இரண்டிரண்டு கூடுதலாக, மொத்தம் 13. ஒன்றை எடுத்ததும் 2 செக்கன் தாமதம் விட்டால், முழுத் தொடரும் அரை நிமிடத்தில் முடியும்.

இடையில் தண்டு ஒரு மில்லிமீற்றர் ஆடினாலும் மென்பொருள் இதழோரத்தில் இரட்டைக் கோடு போடும். இந்த வீட்டில் காற்றைவிடக் கரையோர ரயில்தான் தொல்லை. தண்டவாளம் அருகில் இருப்பதால் ரயில் போகும்போது மாடித்தளம் மெல்ல அதிர்கிறது. கையில் உணராத அந்த அதிர்வு 1/8 செக்கன் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கரையோரப் பாதையில் காலையில் வேலைக்குப் போவோரின் ரயில்கள் அடுத்தடுத்து வரும். சத்தம் கேட்டதும் தொடரை நிறுத்தி, ரயில் போய் ஒரு நிமிடம் கழித்து முதலிலிருந்து தொடங்குவதே ஒரே வழி. நடுவிலிருந்து தொடர்ந்தால் இரு பாதிகளும் ஒட்டுவதில்லை.

கடுபுல்: மாலை நான்கு முதல் நள்ளிரவு வரை

கடுபுல்லின் தாவரப் பெயர் எபிஃபைலம் ஒக்சிபெடலம். மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் தாயகம். இங்கே வெசாக் காலத்தோடு சேர்த்து நினைக்கப்படுகிறது என்றாலும், நன்றாகப் பராமரித்த செடி ஆண்டில் சில தடவைகள் பூக்கும். இலைபோன்ற தட்டைத் தண்டின் ஓரத்தில் முளைக்கும் அரும்பு பூவாக மூன்று நான்கு வாரங்கள் எடுக்கிறது. அந்தக் காலத்தில் சாடியைத் திருப்பக்கூடாது. வெளிச்சம் வரும் திசை மாறினால் மொட்டு உதிரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே கமராதான் செடியைச் சுற்றி இடம் தேடவேண்டும். மூலையில் கிடந்த இந்தச் சாடிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்கு இடம் வேண்டுமென்று, மற்ற ஓர்கிட் சாடிகள் முழுவதும் எதிர்ப் பக்கத்துக்கு மாற்றப்பட்டன.

பூக்கும் நாளை மொட்டே சொல்லும். தொங்கிக்கொண்டிருந்த காம்பு ஓரிரு நாள் முன்னதாக வளைந்து, நுனியை மேலே தூக்கும். அன்றைய பிற்பகலில் நுனி பருத்து, செம்பழுப்பு நிறமான வெளிப்புறக் கதிர்கள் வெள்ளை இதழ்களை விட்டு விலகத் தொடங்கும். நான்கு மணிக்கு இதைக் கண்டால் இரவு நிச்சயம்.

இங்கே திட்டம் இரண்டு: விரிவதைக் காட்டும் டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் காணொளி) ஒன்று, முழுமலர்ச்சியில் நாட்காட்டிக்கான படம். இரண்டையும் ஒரே கமராவில் எடுக்கலாம் என்று பலரும் தொடங்குவார்கள். அது சரிவராது. டைம்லாப்ஸ் கமராவைத் தொட்டவுடன் காணொளியில் துள்ளல் விழும். இரண்டு கமரா இல்லையானால் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

டைம்லாப்ஸுக்கு 20 செக்கனுக்கு ஒரு படம். மாலை 6.30 முதல் இரவு 11.30 வரை ஐந்து மணித்தியாலம், 900 படங்கள்; செக்கனுக்கு 25 என ஓட்டினால் 36 செக்கன் காணொளி. கமராவின் மூலத் தரவான ரோ கோப்பு ஒன்று 25 மெகாபைட் என்றால் மொத்தம் 22.5 கிகாபைட், 64 கிகாபைட் கார்ட் தாராளம். கமராவின் சொந்தப் பற்றரி இவ்வளவு நேரம் நிற்காது. பற்றரியின் இடத்தில் செருகும் கம்பியுள்ள போலிப் பற்றரி வழியாக பவர்பாங்கிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும். விளக்கும் பற்றரியில் ஓடுவதாகவே இருக்கட்டும். மின்வெட்டு வந்தால் வீட்டு விளக்கு அணைந்த அந்த நொடியிலேயே தொடர் அறுந்துபோகும்.

மொட்டைச் சட்டகத்தில் நிரப்பி வைப்பது வழக்கமாக நடக்கும் பிழை. விரியும்போது பூ அகலத்தில் பல மடங்காகிறது, காம்பும் சிறிது உயர்கிறது. மொட்டு சட்டகத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 36 சென்ரிமீற்றர் உயரமும் 24 சென்ரிமீற்றர் அகலமுமான பரப்பு அடங்குமாறு, லென்ஸிலிருந்து 1.1 மீற்றர் தூரத்தில், பூவின் வாய்க்கு 45 பாகை பக்கவாட்டில் கமரா நின்றது. நேர் முன்னால் நின்றால் நட்சத்திரம்போன்ற சூல்முடி நன்றாகத் தெரியும். ஆனால் நீண்ட குழல் மறைந்துவிடும். ஃபோகஸ் கைமுறையில். சூல்முடி கடைசியில் வந்து நிற்கப்போகும் இடத்தில் ஈர்க்கில் ஒன்றைப் பிடித்து அதில் ஃபோகஸ் செய்து, வளையம் அசையாதபடி ஒட்டுநாடா ஒட்டப்பட்டது. தானியங்கி ஃபோகஸ் இருட்டில் முன்பின் ஓடித் தொடரைக் கெடுக்கும்.

விளக்கு: மங்கலாக வைத்த ஒற்றை எல்.ஈ.டி. பலகை, முன்னால் ட்ரேசிங் தாள், பூவுக்குப் பக்கவாட்டில் 50 சென்ரிமீற்றர் தூரத்தில். எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 800, 1 செக்கன். கறுப்பு வெல்வெட் துணி பூவுக்கு 1.5 மீற்றர் பின்னால். விளக்கிலிருந்து அதன் தூரம் பூவின் தூரத்தைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் என்பதால், அதன்மேல் விழும் ஒளி ஏறத்தாழ 10இல் ஒரு பங்கு. படத்தில் துணியின் இழை தெரியாது. சாதாரண கறுப்புப் பருத்தித் துணி ஈரத்தில் சுருங்கிச் சாம்பல் மடிப்புக் காட்டும், வெல்வெட் அப்படிக் காட்டாது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் மலிவான எல்.ஈ.டி. குமிழ்கள் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தோடு துடிப்பவை. வேறு வழியில்லாமல் அவற்றைப் பயன்படுத்தினால் ஷட்டர் 1/50 செக்கனோ அதைவிட நீண்டதோ ஆக இருக்கட்டும். இல்லையேல் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும்.

ஏழு மணிக்கு வெளிக்கதிர்கள் பிரிகின்றன. எட்டரைக்கு வாய் ஒரு கோப்பை அளவு திறக்கிறது, வாசனை மாடி முழுக்கப் பரவுகிறது. பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் பூ முழுதாக விரிந்து நிற்கிறது. இரண்டாவது கமராவின் படம் அப்போதுதான். அதே 1.1 மீற்றர் தூரத்தில் எஃப் 11க்குத் தெளிவு ஆழம் சுமார் 7 சென்ரிமீற்றர்; பூவின் ஆழம் 12. மூன்று படங்கள் போதும். ஆனால் நூற்றுக்கணக்கான மகரந்தக் கம்பிகள் காற்றில்லாமலே நடுங்குவதுபோல் அசைகின்றன, 1 செக்கன் திறப்பில் அவை கரைந்துபோகின்றன. ஆகவே இந்த மூன்று படங்களுக்கும் மட்டும் அசைவை உறையவைக்க ஃப்ளாஷ், ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டிக்குள், 1/32 சக்தியில். டைம்லாப்ஸின் இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள 19 செக்கன் இடைவெளியில் ஃப்ளாஷை அடித்துவிட்டால் அந்தத் தொடரும் கெடாது.

நுளம்புக்குத் திரி கொளுத்தக்கூடாது. ஒரே பக்கத்து விளக்கில் புகை வெண்படலமாகத் தெரிந்து, கறுப்புப் பின்னணி சாம்பலாகும். மின்விசிறியும் கூடாது. கைகால் மூடிய உடுப்பும் பூச்சும்தான் வழி. விளக்கை நாடி வரும் அந்துப்பூச்சிகள் காணொளியில் கோடுகளாக விழும். சற்றுத் தள்ளி வெளியே பிரகாசமான வெள்ளைக் குமிழ் ஒன்றை எரியவிட்டால் பெரும்பாலானவை அங்கே போய்விடும்.

கொழும்பின் ஈரம்

இந்த ஊரில் கமராவின் முதல் எதிரி காற்றிலுள்ள ஈரம். மழைக்காலத்தில் பனிப்புள்ளி 24 பாகையை ஒட்டி நிற்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தக் கண்ணாடியிலும் நீர் படியும். ஏ.சி. அறையில் 22 பாகையில் இருந்த லென்ஸை விடியற்காலை மாடிக்குக் கொண்டுவந்தால் உடனே வெள்ளை பூசும். துடைத்தால் மறுபடி பூசும், கண்ணாடியில் தீற்றலும் மிஞ்சும். கமராவை ஏ.சி. அறைக்குள்ளேயே காற்றுப்புகாத பையில் இட்டு மூடி, வெளியே கொண்டுவந்து 40 நிமிடம் பையைத் திறக்காமல் வைக்கவேண்டும். அதைவிட எளிது, முந்திய இரவே ஏ.சி. இல்லாத அறையில் வைத்துவிடுவது. இரவில் மணிக்கணக்காக வெளியே நிற்கும் டைம்லாப்ஸ் லென்ஸுக்கு யு.எஸ்.பி. வெப்பப் பட்டி ஒன்றைச் சுற்றினால் கண்ணாடி சுற்றுக்காற்றைவிட ஓரிரு பாகை சூடாக இருக்கும், பனி படியாது.

கடற்கரை ஒழுங்கைகளில் உப்பும் உண்டு. முன்கண்ணாடியில் மெல்லிய பிசுபிசுப்பாகப் படிகிறது. காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகம் பூச்சைக் கீறும். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த தாளால் ஒற்றி எடுக்கவேண்டும். வேலை முடிந்ததும் கமரா 40 முதல் 50 வீத ஈரப்பதத்தில் உலர்பெட்டிக்குள். உலர்பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் இறுக்கமூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் வைக்கலாம். ஜெல் நிறம் மாறியதும் 120 பாகையில் அவனில் உலர்த்தி மறுபடி போடலாம். அலுமாரியில் உடுப்புக்கு நடுவே வைத்த லென்ஸில் பூஞ்சணம் வளர ஒரு மழைக்காலம் போதும்.

நாகலிங்கம்

மூன்றாவது படம் கோயில் வளவில் நின்ற மரத்தில், அனுமதி கேட்டு. அடிமரத்திலேயே பூப்பதால் கண்மட்டத்தில் வேலை செய்யலாம். அதிகாலையில் விரிந்த பூ மாலைக்குள் விழுந்துவிடும். அதன் நிற அழகு முழுவதும் படம்விரித்த குடையின் உட்பக்கத்தில் இருக்கிறது, வெளிச்சமோ மேலேயிருந்து வருகிறது. எப்படி எடுத்தாலும் உள்ளே கறுப்பு. கீழேயிருந்து வெள்ளை ரெஜிஃபோம் துண்டொன்றைப் பூவுக்கு 20 சென்ரிமீற்றர் அருகே ஏந்தினால் குடையின் உட்பக்கம் துலங்கும். விழுந்த பூவைப் பொறுக்கி மரத்தில் செருகி எடுத்த படங்கள் தாராளமாகச் சுற்றுகின்றன. காம்பின் முனை காய்ந்திருப்பதை மரமறிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

அச்சுக்குப் போகும் முன்

கோப்புகளில் தாவரப் பெயர், திகதி, நேரம், வீட்டில் வளர்த்ததா இயற்கையில் நின்றதா என்ற விவரம் பதியப்பட்டது. வீட்டுச் செடிகளுக்கு இது குறிப்பு மட்டுமே. காட்டு ஓர்கிட் படங்களில் நிலை வேறு. இலங்கைக்கு மட்டுமே உரிய வெசாக் ஓர்கிட் போன்றவற்றைச் செடியோடு பிடுங்கிப் போகிறவர்கள் இருக்கும்வரை, இடங்காட்டும் ஜி.பி.எஸ். தரவை நீக்காமல் ஒரு படத்தையும் வெளியே விடக்கூடாது.

வெள்ளைப் பூவை அச்சிடுவதில் கடைசி இடர் இதழின் ஓரம். கோப்பில் முழு வெள்ளையாக உள்ள இடத்தில் அச்சு எந்திரம் மை வைக்காது, தாளின் வெள்ளையே தெரியும். வெளிர் பின்னணி கொண்ட பிஜன் ஓர்கிட் படத்தில் இதழோரம் தாளோடு கரைந்துபோவது அதனால்தான். இதழின் மிக வெளிறிய இடத்திலும் 3 முதல் 5 வீத மைப்புள்ளி இருக்குமாறு அளவு மாற்றப்பட்டது. கடுபுல் படத்தில் சிக்கல் எதிர்ப்பக்கம்: ஒரே இடத்தில் விழும் நான்கு மைகளின் வீதங்களையும் கூட்டி 300 வீதத்தைத் தாண்டினால் கறுப்புப் பின்னணி சரியாகக் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். கொழும்பின் மழைக்கால ஈரத்தில் மை காயக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால் அச்சகத்தோடு பேசி வரம்பு 280 வீதத்துக்கு இறக்கப்பட்டது. சோதனைத் தாளைக் குழல்விளக்கின் கீழே பார்த்து ஒப்புக்கொள்ளாமல், நண்பகலில் ஜன்னலோரம் பிடித்து இதழோரம் தாளிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடப்பட்டது.